உச்சி வெயில் முகூர்த்தம்

"மத்தியானம் பன்னிரண்டு மணிக்கா? அதுவும் கடற்கரையிலயா?"

போட்டோ எடுக்க வந்த இடத்தில்தான் நேரம் தெரிந்து, ரோவேனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆமாக்கா. பன்னிரண்டு மணிக்குத்தான்" என்றாள் மணப்பெண் அமிஹான். முகத்தில் பாதி பவுடர்தான் ஏறியிருந்தது.

"இங்க பாரும்மா. உச்சி வெயில்ல எடுத்தா கண்ணுக்குக் கீழ கருப்பா நிழல் விழும். மூக்கு மட்டும் எண்ணெய் தடவின மாதிரி மின்னும். அஞ்சு மணிக்கு மேல வெச்சுக்கோ. இந்தத் தீவோட சாயங்கால வெளிச்சம் இருக்கே, ஒரு எருமையைக் கொண்டுவந்து நிறுத்தினாக்கூட தேவதை மாதிரி விழும்!"

"அப்ப எருமையைச் சாயங்காலம் எடுத்துக்கோங்க. கல்யாணம் பன்னிரண்டுக்குத்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் இம்மியும் இறங்கி வரவில்லை.

ரோவேனா லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தாள். மணிலாவிலிருந்து சந்தடியே இல்லாத இந்த சிகிஹோர் தீவைத் தேடிப்பிடித்து வந்துவிட்டு, இங்கே பார்க்க வேண்டியதே அந்தி வானம்தான் என்று தெரியாமல் அடம்பிடிக்கிறதே இந்தப் பெண்!

அக்கரையில், டுமகெட்டே நகரத்தில் ரோவேனா புதிதாக ஸ்டுடியோ திறக்கப் போகிறாள். வாசலில் பெரிதாக மாட்ட ஒரு படம் வேண்டும். கடலில் இறங்கும் சூரியன், முன்னால் மணப்பெண். இந்தக் கல்யாணத்தை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து மனசுக்குள் அந்தப் படத்தை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டாள்.

விருந்தாளிகள் வந்து உட்கார ஆரம்பித்ததும் அடுத்த கூத்து. மணமேடைக்கு மேலே கட்டியிருந்த வெள்ளைத் துணிப் பந்தலை அவிழ்க்கச் சொன்னாள் அமிஹான்.

"நிழலே இல்லாம எப்படிம்மா?" மாப்பிள்ளையின் அம்மா விசிறியை வேகமாக ஆட்டினாள். "என்னை என்ன கருவாடு போடப் போறியா?"

"உங்க வரிசைக்கெல்லாம் குடை வெக்கச் சொல்லியிருக்கேன் அத்தை. மேடைக்கு மட்டும் வேண்டாம்."

"முகத்துல அந்த வலைத்துணியாவது போட்டுக்கோ. வெயில் கொஞ்சம் மட்டுப்படும்" என்றாள் ரோவேனா.

"அதுவும் வேண்டாங்க்கா."

மாமியார் ரோவேனாவின் பக்கம் சாய்ந்தாள். "பார்த்தியா? ஊரே வெந்தாலும் பரவாயில்ல, இவ மட்டும் ஜொலிக்கணும்!"

ரோவேனாவும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

மாப்பிள்ளை பாவ்லோ உடனே எழுந்து வந்தான். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தானே ஏணியில் ஏறித் துணியை அவிழ்த்தான். மோதிரம் மாற்றுவதற்கு முன்னாலேயே இப்படி அடங்கிவிட்டானே என்று ரோவேனாவுக்குச் சிரிப்பு வந்தது.

அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்தபடி மணலில் நடந்து வந்தாள் அமிஹான். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆண்கள் கழுத்துப் பட்டனைக் கழற்றினார்கள். போதகர் ஜெபத்தைப் பாதியாகச் சுருக்கினார்.

பெண்ணின் அப்பா நெஸ்டோர் தன் பங்குக்குப் படுத்தினார்.

"ஐயா, கேமராவைப் பாருங்க!"

அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்தப் பக்கம்!"

"இரும்மா, இரும்மா" என்றாரே தவிர, முகம் திரும்பவில்லை.

மோதிரம் மாற்றின கையோடு அமிஹானும் அவர் எதிரே போய் நின்றுகொண்டாள். நின்றவள் முகத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கினாள். கண் கூசித் தண்ணீர் வழிந்தது. மை கரைந்து கன்னத்தில் இறங்கியது.

"ஐயோ, தலையை இறக்கும்மா! கண்ணே இல்லாம விழுவே!"

"பரவாயில்லக்கா. எடுங்க."

எடுத்தாள். எல்லாப் படத்திலும் சுருங்கிய கண்கள், கறுத்த நிழல்கள், வியர்வை. வாசலில் மாட்ட ஒன்றுகூடத் தேறாது.

சாப்பாடு, ஆட்டம் பாட்டம் எல்லாம் முடிந்தது. நெருப்பில் வாட்டிய முழுப் பன்றியில் எலும்புதான் மிச்சம். அப்போது, வேண்டுமென்றே வெறுப்பேற்றுவது போல, வானம் தங்கமாக உருகி வழிய ஆரம்பித்தது. கடல், மணல், கரையேறிய படகுகள், எல்லாமே தங்கம்.

ரோவேனாவுக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, உன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வா! ஒரே ஒரு படம். சூரியன் போயிடும்!"

"உள்ள துணி மாத்தறா. இதோ வர்றோம்" என்று பாவ்லோ ஓடினான்.

நெஸ்டோர் கடலுக்கு முதுகைக் காட்டி, மணலில் போட்ட நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வானம் முழுக்கத் தங்கம். சரி, இவரையாவது எடுப்போம் என்று அவர் எதிரே போய் நின்றாள் ரோவேனா. வெளிச்சம் அவள் முகத்தில் நேராக அடித்தது.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார் அவர். கையை நீட்டிக் காற்றில் துழாவினார். அவள் விரல்கள் அகப்பட்டதும் ஆசையாகப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா அமி? அதுக்குள்ள இருட்டிடுச்சாம்மா?"

இருட்டா? ரோவேனா அவர் கண்களைப் பார்த்தாள். அவை அவள் முகத்தைத் தாண்டி வேறெங்கோ நிலைத்திருந்தன.

கேமராவைத் தோளில் தள்ளிவிட்டு, இன்னொரு கையையும் அவர் கைமேல் வைத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் அவர் விரல்மேல் விழுந்தது.

"அழுறியா? அசடு. இந்தக் கண்ணுக்கு உச்சி வெயில்லதான் கொஞ்சமாவது தெரியும்னு எல்லாரையும் வெயில்ல நிக்க வெச்சியேம்மா... உன் முகத்தை முழுசாப் பார்த்துட்டேன்."