நேர்ச்சைக் கிண்ணம்

மனூபியா சாணிச் சாம்பலைக் குச்சியால் மெல்ல விலக்கினாள்.

இது மூன்றாவது கிண்ணம். முதல் இரண்டும் இதே நெருப்பில் வெடித்துப் போயிருந்தன.

இத்தாலிக்குப் படகேறிய மகன் லஸ்ஸாத் உயிரோடு கரை சேர்ந்தால், தன் கையால் செய்த கிண்ணம் ஒன்றை எதிர்மலைத் தர்காவுக்குக் கொடுப்பதாக அவள் நேர்ச்சை வைத்திருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்பு, கரை சேர்ந்துவிட்டதாக அவன் போன் செய்தான்.

அதே படகில்தான் பக்கத்து வீட்டு ஹனீயாவின் மகன் ரம்ஸியும் போனான். அவனைக் கடல் திருப்பித் தரவில்லை.

அன்றிலிருந்து மனூபியா தன் சந்தோஷத்துக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். மகன் போன் செய்தால் உள்ளறைக்குப் போய்த்தான் பேசுவாள். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லும் அல்ஹம்துலில்லாஹ்வைக்கூட வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். நேர்ச்சையை நிறைவேற்றவும் வெட்கமாக இருந்தது. தள்ளித் தள்ளிப் போட்டாள்.

அந்த மலையூர்ப் பெண்கள் தங்கள் கதையைப் பானையில்தான் வரைவார்கள். ரம்ஸி போன பிறகு ஹனீயா ஒரே ஒரு கூஜா செய்தாள். வெள்ளைப் பூச்சின்மேல் சிவப்பு மண்ணால் ஒரு படகு. படகின் உச்சியில் மூன்று முனைக் கொடி. ரம்ஸி போன படகில் கொடி ஏதும் கிடையாது. மகன் போகிற படகுக்குக் கொடி இருக்க வேண்டும் என்று அவளாகவே வைத்துக்கொண்டாள். விலைக்குக் கேட்டு வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டாள். தொழுகைப் பாய்க்குப் பக்கத்தில் இருந்த அதை மருமகளைக்கூடத் தொடவிட மாட்டாள்.

இரண்டு கிண்ணங்கள் வெடித்ததற்கு மனூபியாவின் பக்திதான் காரணம். உடைந்த பழைய பானையின் ஓட்டைத் தூளாக இடித்துக் கலக்காத மண் நெருப்பில் நிற்காது என்று அங்கே சின்னப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் நேர்ச்சைக் கிண்ணத்தில் குப்பையில் கோழி கிளறிய ஓட்டையா சேர்ப்பது? அவளுக்கு மனம் வரவில்லை. வெறும் மண்ணிலேயே செய்தாள். இரண்டாவதும் வெடித்ததும், தன் நன்றி அல்லாஹ்வுக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று அழுதாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஹனீயா சிரித்தாள். "உன் பக்தி நெருப்புக்குத் தெரியுமாடி? சுத்தமான ஓடுதானே வேணும்? என்கிட்ட இருக்கு, இரு."

மறுநாள் காலையில் ஒரு துணி முடிச்சு நிறைய ஓட்டுத்தூள் வந்தது. நேற்று வரை இல்லாத தூள் எங்கிருந்து வந்தது என்று மனூபியா கேட்கவில்லை. அவசரத்தில் சலிக்காமலேயே மண்ணோடு பிசைந்துவிட்டாள்.

இப்போது சாம்பல் விலகியது. கிண்ணம் முழுசாக இருந்தது.

அதைக் கம்பியால் தூக்கிக் கல்லின்மேல் வைத்தாள். சுற்றி நின்ற பெண்கள் குனிந்தார்கள். எதிர்வீட்டு தலந்தா குச்சியால் தட்டினாள். கணீரென்றது.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓட்ட ஒழுங்கா இடிக்கலியே, துண்டு ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்குது பாரு," என்றாள். யார் பானை செய்தாலும் தலந்தாவுக்கு ஒரு குறை கிடைத்துவிடும்.

விளிம்புக்குக் கீழே நகம் அளவுக்கு ஒரு சில்லு. துடைக்கலாம் என்று மனூபியா ஈரத்துணியோடு குனிந்தாள். சில்லில் வெள்ளைப் பூச்சு இருந்தது. அதன்மேல் சிவப்பாக ஒரு கொடி, மூன்று முனை.

துணி கையிலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து ஹனீயாவைப் பார்த்தாள்.

ஹனீயா புகையைத் திட்டிக்கொண்டே தலைத்துணியால் கண்ணைத் துடைத்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வீட்ட விட்டுப் போனாங்க. தர்காவுக்கும் ஒண்ணாவே போகட்டும்," என்றாள். "என்னடி பாத்துக்கிட்டு இருக்க? சொல்லு."

மனூபியா சொன்னாள். எட்டு மாதமாக வாய்க்குள்ளேயே கிடந்த அல்ஹம்துலில்லாஹ், எதிர்மலை வரைக்கும் கேட்டது.