கேட்டுக்கு இந்தப் பக்கம்

மாலை மணி அடித்ததும் விடுதி மாணவிகள் உள்ளே ஓடினார்கள். அவள் மட்டும் வார்டனை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் ஹாஸ்டல்ல இடம் குடுங்க, மேடம்."

"வீடு ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு? உனக்கெதுக்கு ஹாஸ்டல்?"

"அவங்களுக்கெல்லாம் தலை பின்னி விடுறீங்க. காய்ச்சல்னா ராத்திரி பூரா பக்கத்துலயே உட்கார்ந்திருக்கீங்க. போன வாரம் எனக்கும்தான் காய்ச்சல். எட்டிப் பார்த்தீங்களா?"

"அவங்க அம்மாவைப் பிரிஞ்சு வந்திருக்கிற பிள்ளைங்க. அடம் பிடிக்காம கிளம்பு."

வார்டன் கேட்டைச் சாத்தினார்.

வெளியே ஸ்கூட்டரில் அப்பா காத்திருந்தார்.

"ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? உள்ளே மேடம்னுதானே கூப்பிட்டே? உங்கம்மா என்ன சொன்னா?"

புத்தகப் பையை அவர் மடியில் வீசினாள்.

"அம்மாவைப் பிரிஞ்ச பிள்ளைங்களுக்குத்தான் அங்க இடமாம். அப்ப நான் யாருப்பா?"