வில்லோ என்கிற ஆள்

ஏரிக் காற்று டுலூத் நகரக் காபிக்கடையின் கண்ணாடிக் கதவை உலுக்குகிறது. சாயம் போகுமா என்று துணியைக் கசக்கிப் பார்ப்பவள்போல மார்லீன், வில்லோ நான்தான் என்று வந்து எதிரே உட்கார்ந்திருக்கும் தாடிக்காரரைப் பார்க்கிறாள். இணையத்தில் இத்தனை நாளும் அவளோடு கதை பேசிய எழுத்தாளர் வில்லோவைப் பெண் என்றே நினைத்திருந்தாள். அச்சேறாத அவளுடைய நாவல் முழுவதும் வில்லோவிடம் இருக்கிறது. இவர் வேறு யாரோவாக இருந்தால்? காபியைக் கலக்கியபடியே தூண்டிலைப் போடுகிறாள். “என் நாவல்ல அந்த விதவையை ஏரியில முக்கினது நல்லதாப் போச்சு, இல்லையா?” அவர் கையிலிருக்கும் முள்கரண்டி பாதியில் நிற்கிறது. “யாரு முக்கினா? அவளைக் கொன்னா உங்களோட பேசவே மாட்டேன்னு சண்டை போட்டுக் காப்பாத்தினதே நான்தானே!” சரக்கு அசல்தான். மார்லீன் சிரித்துவிடுகிறாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. “நல்லாத்தான் உரசிப் பாக்குறீங்க அம்மணி. நான் அனுப்பின என் கதையோட கடைசி அத்தியாயத்தைப் படிச்சு அழுதுட்டேன்னு எழுதினீங்களே, அது நாய் சாகுற இடத்துலதானே?” அந்த அத்தியாயத்தை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. “அதேதான். பாவம், வாயில்லா ஜீவன்,” என்கிறாள். ஜன்னல் வெளிச்சம் அவருடைய மூக்குக்கண்ணாடியில் பளபளக்கிறது, கண்கள் தெரியவில்லை. “என் கதையில நாயே கிடையாது மார்லீன்,” என்கிறார்.