சுவருக்கு அந்தப் பக்கம்

"யாரு சொல்லிக்கொடுத்தா இதை?" என்றார் அப்பா.

டிபன் மூடியில் கம்பி சுற்றிச் சுவரில் ஒட்டியிருந்தாள் மகள். பக்கத்து வீட்டுப் பேச்சு அதில் இணைத்த ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது.

"நானாத்தான்பா யோசிச்சேன்."

"யாருக்காவது காட்டினியா?"

"இல்லப்பா."

"பாராட்டாம, போலீஸ் மாதிரி குடையிறீங்களே!" என்றாள் அம்மா.

"இது வேலைக்கே ஆகாது. பிரிச்சுப் போடு."

மகள் அழுதுகொண்டே கம்பியைப் பிடுங்கினாள்.

மறுநாள் காப்புரிமை அலுவலகத்தின் பூட்டிய அறையில், தான் பரிசீலித்துவரும் ராணுவ ரகசிய விண்ணப்பத்தை அப்பா பிரித்தார். படத்தில் டிபன் மூடிக்குப் பதில் வெள்ளித் தகடு. மற்றபடி மகள் செய்தது அப்படியே இருந்தது.

"வேற யாருக்காவது இது தானாத் தோணியிருக்குமா? தோணியிருந்தா அவங்களைப் பிடிச்சு விசாரிக்கணும்" என்றார் மேலதிகாரி.

"தோணவே தோணாது சார். அவ்வளவு மூளை யாருக்கு இருக்கு?" என்றார் அப்பா.