சுவருக்கு அந்தப் பக்கம்

உளி பிடி நழுவி உள்ளே விழுகிறது. கல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு. அங்கிருந்து வரும் பழங்காற்றில் விளக்குத் திரிகள் படபடக்கின்றன. எகிப்து மன்னர் பாரோவுக்குக் கல்லறை குடைந்துகொண்டிருந்த பென்னுப், போன உளியைத் தேடாமல் மேஸ்திரி கஹாவின் முகத்தைப் பார்க்கிறான். பொழுது சாய்ந்தால் மந்திரி பார்வையிட வருகிறார். கஹா சுண்ணாம்புத் தூள் அப்பிய நெற்றியில் அறைந்துகொள்கிறார். “இந்த மலையில எங்க கை வச்சாலும் ஒரு ராஜா படுத்திருக்கான்! எங்கன்னு மட்டும் ஒருத்தனும் சொல்ல மாட்டான். ரகசியமாம், சத்தியமாம்! தோண்டறவனுக்குமாடா ரகசியம்?” விளக்கைப் பிடுங்கி ஓட்டைக்குள் நீட்டுகிறார். நீலக் கூரையில் மஞ்சள் நட்சத்திரங்கள். கீழே, வழவழப்பாக்காமல் விட்ட சுவரில் உளித்தடங்கள் எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. இடது கையால் கொட்டாப்புளிச் சுத்தியல் அடித்தவர் அவர்கள் ஊரிலேயே ஒருவர்தான். “அண்ணே, இது உங்க அப்பா...” என்கிறான் பென்னுப். “தெரியுதுடா.” சாகும்வரை கஹாவோடு ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்ற மனுஷன். கஹா ஓட்டைக்குள் தலையை விட்டுக் கத்துகிறார்: “ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாப்பா?” அவர் குரலே உள்ளே உருண்டு திரும்பி வருகிறது. தலையை வெளியே இழுத்து, புருவத்துத் தூளைத் துடைக்கிறார். “கல்லை வச்சு அடை. மேல சாந்து பூசு. வெளிய மூச்சு விடக்கூடாது.” பென்னுப் சாந்தைக் குழைத்தபடி கேட்கிறான்: “பின்னாடி உங்க மகன் இங்க தோண்ட வந்தான்னா?” கஹா தண்ணீர்ச் சட்டியை எட்டி உதைக்கிறார். “அவன்கிட்டயும்தான் மூச்சு விடக்கூடாது!”