சர்க்கரைத் தண்ணீர்

ஐஸ் பெட்டிக்குள் கிடந்த கோமதிநாயகத்தின் புஜத்தில் சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டியே இருந்தது; குளிப்பாட்டியவர்கள் கழற்ற மறந்திருந்தார்கள். பகல் பதினொரு மணிக்கு அவர் மனைவி பகவதியின் செல்போன் அலறியது. சென்சார் அனுப்பிய அளவு திரையில் தெரிந்தது: சர்க்கரை நாற்பத்தெட்டு, பக்கத்திலிருந்த அம்பு கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருஷப் பழக்கம். கால்கள் தானாக அடுக்களைக்கு ஓடின. சர்க்கரைத் தண்ணீரோடு வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.

“அண்ணன் போயாச்சு மதினி,” என்றான் கொழுந்தன்.

“எனக்குத் தெரியாதா? மூடியத் தெறய்யா.”

ஒரு கரண்டி ஊற்றினாள். கடைவாயில் வழிந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி வந்து வாசலில் நின்றது.

“தூக்கலாமா மதினி?”

பகவதி கையிலிருந்த போனைப் பார்த்தாள். அறுபத்தொன்று. அம்பு மேலே திரும்பியிருந்தது.