கலர் டிரஸ்

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் என்றால் மட்டும்தான் யூனிஃபார்ம் இல்லாமல் கலர் டிரஸ்ஸில் வரலாம். பிழைக்க வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. யூனிஃபார்ம் தைத்து வரட்டும் என்று, ஆறு வயதுத் தங்கை செவந்தியை மஞ்சள் கவுனில் அனுப்பினேன். வகுப்பே எழுந்து நின்று பிறந்தநாள் வாழ்த்துப் பாடியது. மறுநாள் பச்சைக் கவுன், மறுபடியும் பாடினார்கள். வெள்ளிக்கிழமை கூட்டிவரப் போனபோது கவுன் முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அதுவரை ஆடக்கூட இல்லாத முன்பல் விழுந்து, புதுப் பல்லும் முளைத்திருந்தது.

அவளை இழுத்துக்கொண்டு டைலரிடம் ஓடினேன். "அண்ணே, இன்னிக்கே தைச்சுக் குடுத்துருங்கண்ணே."

"இந்த வாரந்தானம்மா அளவெடுத்தேன்? அதுக்குள்ள மூணு விரல் கூடியிருக்கு. என்னத்தப் போட்டு வளக்குற?" என்று சிரித்தார். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எத்தனை பாட்டோ, அத்தனை வயது கூடியிருந்தது.

டீச்சரிடம் கெஞ்சினேன். "பாட வேணாம்னு சொல்லுங்க மிஸ்."

"கலர் டிரஸ்ல வந்தா பிள்ளைங்க பாடத்தான் செய்யும். யூனிஃபார்ம் போட்டு அனுப்புங்க."

பகலில் தைத்து வாங்கி வைத்த எந்த யூனிஃபார்ம் சட்டையும், அவள் சாயங்காலம் வீடு திரும்பும்போது பத்தவில்லை. அவளை வீட்டில் தனியாக விட்டுவிட்டு நான் கம்பெனி வேலைக்குப் போகவும் முடியவில்லை.

மாதக் கடைசியில் ஒரு காலை, இனி அனுப்பவே கூடாது என்று எழுந்தேன். செவந்தி என் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். என்னைவிட உயரம்.

"போகாதடி."

"லீவு போட்டா மிஸ் திட்டுவாங்க. நீ கதவச் சாத்திக்க. பயப்படாத," என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு நடந்தாள்.

தெருமுனையில் பிள்ளைகள் அவளைப் பார்த்துவிட்டார்கள். பாட ஆரம்பித்தார்கள்.